சினைமுட்டையைச் சேகரித்தலும் முதிரச் செய்தலும்: ஆய்வகக் கருவாக்கத்தின் முதல் நாள்

ஒரு பெண் கன்று பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் சேர்ந்து ஒரு லட்சத்தையொட்டிய எண்ணிக்கையில் சினைமுட்டைகள் இருக்கின்றன. எருமைக் கன்றில் இந்த இருப்பு மிகவும் குறைவு. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை இருக்கலாம். ஒரு பசு தன் வாழ்நாளில் எட்டு ஈற்று ஈன்றால் அதை நல்ல பசு என்கிறோம். அப்படியானால் மீதமிருந்த முட்டைகள் என்ன ஆயின என்ற கேள்வி எழுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வளரத் தொடங்கி, பாதியில் நின்று, சினைப்பைக்குள்ளேயே சிதைந்து கரைந்துபோகின்றன. அவ்வாறு வீணாகும் முட்டைகளில் ஒரு பகுதியை உரிய நேரத்தில் வெளியே எடுத்து, ஆய்வகத்தில் முதிரவைத்து, விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, வேறு பசுக்களின் கருப்பையில் வைத்து வளர்க்கும் முறையே ஆய்வகக் கருவாக்கம் எனப்படுகிறது. இந்தியாவில் இம்முறையில் 1990ஆம் ஆண்டு கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் எருமைக் கன்று பிறந்தது. அதற்குப் ‘பிரதம்’ என்று பெயரிட்டார்கள். உலகிலேயே இவ்வகையில் பிறந்த முதல் எருமைக் கன்று அதுவே.

இந்த முழு முறையையும் விளக்க ஒரு கட்டுரை போதாது. ஆகவே அதன் முதல் இரண்டு படிகளை மட்டும், அதாவது முட்டையை எடுப்பதையும் முதிரவைப்பதையும் மட்டும், இங்கே பார்க்கலாம். கருத்தரிப்பும் கரு வளர்ப்பும் பலருடைய கவனத்தை ஈர்க்கின்றன என்றாலும், ஒரு கரு உருவாகுமா உருவாகாதா என்பது பெரும்பாலும் இந்த முதல் 24 மணி நேரத்திலும் அதற்கு முன்பும் தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை இனி வரும் பத்திகள் காட்டும்.

முதலில் சினைப்பையின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சினைமுட்டையும் ‘ஃபாலிக்கிள்’ எனப்படும் நுண்ணிய பை ஒன்றுக்குள் இருக்கிறது. அந்தப் பை வளரும்போது அதனுள் நீர் சேர்ந்து, சினைப்பையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம்போல் புடைக்கும். முட்டையைச் சுற்றிச் ‘சோனா பெலுசிடா’ என்ற கண்ணாடி போன்ற உறையும், அதற்கு வெளியே ‘க்யூமுலஸ்’ செல்கள் பல அடுக்குகளாகவும் அமைந்திருக்கின்றன. இந்தச் செல்கள் வெறும் போர்வை அல்ல. அவற்றிலிருந்து மிக மெல்லிய இழைகள் உறையைத் துளைத்துச் சென்று முட்டையின் மேற்பரப்பைத் தொடுகின்றன. ஊட்டப் பொருள்களும் வேதிச் செய்திகளும் அவற்றின் வழியாகவே முட்டைக்குள் போய்ச் சேர்கின்றன. ஆகையால் ஆய்வகத்தில் தனி முட்டையைத் தேடுவதில்லை. க்யூமுலஸ் செல்கள் சூழ்ந்த முட்டைத் தொகுதியைத்தான் தேடுகிறார்கள்.

பசுவின் 21 நாள் சினைச் சுழற்சியில் ஃபாலிக்கிள்கள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளர்கின்றன. ஒவ்வோர் அலையிலும் பல சிறு ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரத் தொடங்கும். சில நாள்களில் அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டு பெரிதாகி, மற்றவற்றின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். தோற்றுப்போன அந்த ஃபாலிக்கிள்களின் விட்டம் பெரும்பாலும் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆய்வகம் நாடுவது இவற்றைத்தான். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஃபாலிக்கிளில் உள்ள முட்டை இன்னும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. பசுவின் முட்டை ஏறத்தாழ 110 மைக்ரான் விட்டத்தை எட்டிய பின்னரே முதிர்ச்சியை இறுதிவரை முடிக்கும் திறனைப் பெறுகிறது. 6 மில்லிமீட்டரைத் தாண்டிய ஃபாலிக்கிள்களிலிருந்து எடுத்த முட்டைகள், அதற்கும் சிறியவற்றிலிருந்து எடுத்தவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் கருவாக வளர்வதைச் சோதனைகள் காட்டியுள்ளன. முட்டையின் தரம் ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, ஃபாலிக்கிளில் தொடங்குகிறது என்பதற்கு இதுவே முதற்சான்று.

முட்டையை எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்பட்ட கால்நடைகளின் சினைப்பைகளைச் சேகரிப்பது. இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் பசுவதைக்குத் தடையோ கட்டுப்பாடோ இருப்பதால், இங்குள்ள ஆய்வகங்கள் இவ்வழியில் பெரும்பாலும் எருமை, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் சினைப்பைகளையே பயன்படுத்துகின்றன. விலங்கு அறுக்கப்பட்டதும் சினைப்பைகளை வெட்டியெடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த 0.9 சதவீத உப்புக் கரைசலில் இட்டு, 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் காக்கும் குடுவையில் வைத்து, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அவற்றை மீண்டும் மீண்டும் அலசி, சுற்றியுள்ள திசுவை நறுக்கி நீக்கிய பின், 18 அல்லது 20 கேஜ் ஊசி பொருத்திய சிரிஞ்சால் ஒவ்வொரு ஃபாலிக்கிளையும் துளைத்து, அதனுள் இருக்கும் நீரை மெதுவாக உறிஞ்சுகிறார்கள். வேகமாக இழுத்தால் க்யூமுலஸ் செல்கள் உரிந்து, முட்டை வெறுமையாக வந்துவிடும். ஆட்டின் சிறிய சினைப்பைகளில் ஊசிக்கு எட்டாத ஃபாலிக்கிள்கள் ஆழத்தில் இருப்பதால், கூரிய கத்தியால் மேற்பரப்பைக் கீறி முட்டைகளைக் கரைசலுக்குள் உதிரவிடும் முறையும் வழக்கத்தில் உள்ளது. இதில் எண்ணிக்கை கூடும். ஆனால் திசுத் துணுக்குகளும் அதிகமாக வருவதால் தேடும் வேலையும் கூடும்.

இறைச்சிக்கூட முட்டைகள் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பெரிதும் உதவுகின்றன. ஆனால் ஒரு குறை உண்டு: தாயின் பால் அளவோ, இனத் தூய்மையோ, நோய் வரலாறோ நமக்குத் தெரியாது. உயர்ந்த மரபைப் பெருக்க வேண்டுமென்றால் உயிரோடிருக்கும் ஒரு குறிப்பிட்ட பசுவிடமிருந்து முட்டையை எடுத்தாக வேண்டும். அதற்கான வழியை 1988ஆம் ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மனிதப் பெண்களுக்குச் செய்யப்பட்டுவந்த அல்ட்ராசவுண்டு வழிகாட்டும் உறிஞ்சல் முறையை அவர்கள் பசுவுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

இதைச் செய்யும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்தரும். பசுவைக் கட்டுச்சட்டத்துக்குள் நிறுத்தி, வாலடி முதுகெலும்பு இடைவெளியில் மரப்பு ஊசி போடுகிறார்கள். இதனால் மலக்குடலின் இறுக்கமும் வலியும் குறைகின்றன. சாணத்தை அகற்றி, பிறப்புறுப்பைச் சுற்றி நன்றாகக் கழுவித் துடைத்த பின், அல்ட்ராசவுண்டு முனையும் ஊசி செல்லும் குழலும் சேர்ந்த நீண்ட கருவியை யோனிக்குள் செலுத்துகிறார்கள். மருத்துவரின் மற்றொரு கை மலக்குடல் வழியாகச் சென்று சினைப்பையைப் பிடித்து, யோனிச் சுவரை ஒட்டி அந்தக் கருவியின் முனைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. திரையில் ஃபாலிக்கிள்கள் கரிய வட்டங்களாகத் தெரியும். ஊசி யோனிச் சுவரைத் துளைத்து ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நுழைய, வெற்றிடப் பம்பு அதன் நீரை இளஞ்சூடான குழாய்க்கு இழுத்துக்கொள்கிறது. ஊசி குத்தும்போது கசியும் சிறிது ரத்தம் உறைந்து முட்டைகளைச் சிக்கவைக்காமலிருக்க அந்தக் கரைசலில் ஹெப்பாரின் கலந்திருக்கும். இங்கேயும் பம்பின் அழுத்தம் மிகையானால் க்யூமுலஸ் உரியும்; குறைந்தால் முட்டை ஃபாலிக்கிளின் சுவரிலேயே தங்கிவிடும். பழகிய கைக்கு ஒரு பசுவுக்கு அரை மணிக்கும் குறைவான நேரமே ஆகிறது.

இதை வாரத்துக்கு இருமுறை செய்யலாம். பல பண்ணைகள் ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளி விடுகின்றன. சினைப்பட்ட பசுவிடமும் முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்க முடியும். ஊசி மூலம் பல முட்டைகளை ஒரே நேரத்தில் வெளிவரச் செய்து, கருவைக் கழுவியெடுக்கும் பழைய முறையில் ஹார்மோன் ஊசிகளைப் பல நாள் தொடர்ந்து போட வேண்டியிருப்பதோடு, மீண்டும் செய்யச் சில வாரங்கள் காத்திருக்கவும் வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தொடர்ந்து துளைப்பதால் சினைப்பையில் சிறு ரத்தக் கசிவும் தழும்பும் ஒட்டுதலும் ஏற்படக்கூடும். ஆகவே மரப்பு ஊசியைத் தவிர்ப்பதோ, ஓய்வே இல்லாமல் ஒரே பசுவை நாடுவதோ எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்பது பெருமளவு இனத்தைப் பொறுத்தது. திமிலுள்ள நம் நாட்டு மரபு மாடுகளின் சினைப்பையில் சிறு ஃபாலிக்கிள்கள் ஐரோப்பிய இனங்களைவிட அதிகம். இந்தியாவிலிருந்து சென்ற ஓங்கோல் வழிவந்த நெலோர் மாடுகளும் கிர் மாடுகளும் பிரேசிலில் ஒரே அமர்வில் 15, 20 முட்டைகளைத் தருவது வியப்பான செய்தியல்ல. ஆய்வகக் கருவாக்கத்தில் பிரேசில் உலகின் முன்னணி நாடாக உயர்ந்ததற்கு இந்த மாடுகளின் சினைப்பையும் ஒரு முதன்மைக் காரணம். ஹோல்ஸ்டீன் பசுவில் எண்ணிக்கை குறைகிறது. எருமையில் மேலும் குறைந்து, ஓர் அமர்வுக்கு ஐந்தாறு கிடைத்தாலே நிறைவு என்ற நிலை பல இடங்களில் உள்ளது. ரத்தத்திலுள்ள ‘ஆன்டி முல்லேரியன்’ ஹார்மோனின் அளவு ஃபாலிக்கிள் எண்ணிக்கையோடு ஒத்துப்போவதால், எந்தப் பசு நல்ல கொடையாளி என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

உறிஞ்சிய நீரை வடிகட்டி, சிறு கோடுகள் இட்ட தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியின் கீழே முட்டைகளைத் தேடித் தரம் பிரிக்கிறார்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட க்யூமுலஸ் அடுக்குகள் இறுக்கமாகச் சூழ, உள்ளே நிறம் சீராகவும் மணிமணியாகவும் தெரியும் முட்டை முதல் தரம். அடுக்குகள் குறையக் குறையத் தரமும் இறங்குகிறது. முற்றிலும் உரிந்தவற்றையும், க்யூமுலஸ் ஏற்கெனவே கருத்துச் சிதறியவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருவது இயல்பு. இதைக் குறைக்க ‘பிரில்லியன்ட் க்ரெசில் ப்ளூ’ என்ற சாயத்தைச் சில ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையிலுள்ள ஒரு நொதி இந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும். வளர்ச்சியை முடித்த முட்டையில் அந்த நொதியின் செயல் தணிந்திருப்பதால் அது நீலமாகவே நிற்கும். நீல முட்டைகளைத் தேர்ந்தெடுத்தால் கரு விகிதம் கூடுகிறது.

இப்போது முதிர்ச்சிக்கு வருவோம். இங்கேதான் தொடக்கநிலை வாசகர்களுக்குக் குழப்பம் மிகுதி. ‘முட்டை கிடைத்துவிட்டதே, விந்தணுவை உடனே சேர்த்தால் என்ன?’ என்ற கேள்வி நியாயமானது. அவ்வாறு சேர்த்தால் கரு உருவாகாது, ஏனெனில் அந்த முட்டை இன்னும் பாதி வழியில் நின்றுகொண்டிருக்கிறது. தாயின் வயிற்றில் கருவாக இருந்த காலத்திலேயே அது மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பைத் தொடங்கி, முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. அதன் குரோமோசோம்கள் ஒரு பெரிய உட்கருவுக்குள் அடங்கியிருக்கின்றன. இயற்கையில் சினைப் பருவத்தின்போது பெருகும் எல்.ஹெச். ஹார்மோன்தான் இந்த நிறுத்தத்தை விடுவிக்கிறது. ஹார்மோன் உச்சத்தைத் தொட்ட பின் ஏறத்தாழ 28 முதல் 30 மணி நேரத்தில் முட்டை முதிர்ந்து சினைப்பையிலிருந்து வெளிவருகிறது. ஆய்வகத்தில் நடப்பது இந்த இடைவெளியை இன்குபேட்டருக்குள் நிகழச் செய்யும் முயற்சியே.

ஹார்மோன் உச்சமே இல்லாமல் அது எப்படி இயலும்? 1935ஆம் ஆண்டு பின்கஸ், என்ஸ்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் முயலின் முட்டையை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்தவுடன் அது தானாகவே பகுப்பைத் தொடர்வதைக் கண்டார்கள். முட்டையை நிறுத்திவைத்திருந்தது ஃபாலிக்கிள்தான் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. பின்னாளில் இதன் வேதியியல் விளங்கியது. ஃபாலிக்கிளின் சுவர்ச் செல்களும் க்யூமுலஸ் செல்களும் அனுப்பும் செய்திகளால் முட்டைக்குள் சுழல் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறின் அளவு உயர்ந்தே இருக்கிறது. அது உயர்ந்திருக்கும்வரை பகுப்பு நகராது. முட்டையை வெளியே எடுத்ததும் அந்த அளவு சரிகிறது, தடை நீங்குகிறது. பசுவின் முட்டையில் ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரத்தில் உட்கருவின் சவ்வு கரைகிறது. பின்னர் குரோமோசோம்கள் கதிர்கோல் இழைகளில் வரிசையாக நிற்கின்றன. 18 முதல் 24 மணிக்குள் பாதிக் குரோமோசோம்கள் ‘முதல் துருவ செல்’ என்ற சிறு உருண்டையாக வெளித்தள்ளப்படுகின்றன. முட்டை மீண்டும் ஓரிடத்தில் நின்று விந்தணுவுக்காகக் காத்திருக்கிறது. உட்கரு முதிர்ச்சி என்பது இதுதான்.

ஆனால் உட்கரு மட்டும் முதிர்ந்தால் போதாது. உட்கருவைச் சுற்றியுள்ள பகுதியான சைட்டோபிளாசத்தின் முதிர்ச்சி என்று ஒன்று உண்டு. அதைக் கண்ணால் பார்க்க இயலாது, அதன் முக்கியத்துவமோ அளவிடற்கரியது. மாட்டின் கருவில் அதன் சொந்த மரபணுக்கள் முழுமையாக வேலைசெய்யத் தொடங்குவது 8 முதல் 16 செல் நிலையில்தான். அதுவரை மூன்று நாள்களுக்கும் மேலாக, தாய் முட்டை சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ.யையும் புரதத்தையும் கொண்டே கரு பிழைக்கிறது. தொலைதூரப் பயணத்துக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோற்றைப் போன்றது இது. முதிர்ச்சியின்போது மைட்டோகாண்ட்ரியாக்கள் இடம்பெயர்கின்றன. கார்டிகல் துகள்கள் முட்டையின் விளிம்புக்குச் சென்று, ஒரு விந்தணு நுழைந்ததும் மற்றவற்றைத் தடுக்கத் தயாராகின்றன. உள்ளே வரும் விந்தணுவின் தலையைப் பிரிப்பதற்குத் தேவையான குளுட்டதயோன் என்ற, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளும் சேர்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், துருவ செல்லை வெளித்தள்ளி முதிர்ந்ததாகத் தோன்றும் முட்டை, கருவாகி இரண்டு மூன்று முறை பிரிந்த பின் நின்றுவிடும்.

முதிர வைக்கும் ஊடகமாகப் பெரும்பாலான ஆய்வகங்கள் டி.சி.எம்.-199 என்ற கரைசலைப் பயன்படுத்துகின்றன. உப்புகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் அடங்கிய அதனோடு 10 சதவீதம் கன்றுக்கரு ரத்தச் சீரம், எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., ஈஸ்ட்ரடையால் ஆகிய ஹார்மோன்கள், பைருவேட், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். குளுட்டதயோன் உருவாவதற்கு உதவும் சிஸ்டியமின் சேர்ப்பது எருமை முட்டைகளுக்குக் குறிப்பாக நன்மை தருகிறது; எருமை முட்டையில் கொழுப்பு மிகுதி என்பதால் ஆக்சிஜனேற்றப் பாதிப்பும் அதில் மிகுதி. சீரம் எளிதில் கிடைத்தாலும் அதன் ஒவ்வொரு தொகுப்பும் வேறுபடும், நோய்க்கிருமிகளும் அதன் வழியே நுழையலாம். ஆதலால் சீரமற்ற, முழுவதும் வரையறுத்த ஊடகங்களை நோக்கி நகர்வதே நல்லது என்று கருதுகிறேன்.

ஊடகத்தின் 50 முதல் 100 மைக்ரோலிட்டர் துளிகளைத் தட்டில் இட்டு, ஆவியாகாமலிருக்க மினரல் எண்ணெயால் மூடி, துளிக்கு 10 முதல் 20 முட்டைகள் வீதம் வைக்கிறார்கள். தனியாக வைக்கப்பட்ட முட்டையைவிடக் கூட்டமாக இருப்பவை நன்றாக வளர்கின்றன. அவை வெளியிடும் காரணிகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. இன்குபேட்டரில் பசுவின் உடல்வெப்பமான 38.5 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நிறைந்த ஈரப்பதம் என்பனவே நிலையான அளவுகள். மாடு, எருமை, செம்மறியாடு ஆகியவற்றுக்கு 22 முதல் 24 மணி நேரம் போதும். பன்றியின் முட்டைக்கு 42 முதல் 44 மணி நேரம் தேவை.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குரோமோசோம்களைத் தாங்கும் கதிர்கோல் இழைகள் குளிர்ந்தால் கலைந்துவிடும்; 41 டிகிரிக்குச் சூடேறினாலும் முட்டையின் கருவாகும் திறன் குன்றும். குளிரூட்டிய அறையில் தட்டை வெறும் மேசைமீது சில நிமிடம் வைத்திருப்பதே போதுமான தீங்கு. ஆகவே நுண்ணோக்கியின் மேடை உட்பட முட்டை தங்கும் ஒவ்வோர் இடமும் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். பசுவும் இதற்கு விலக்கல்ல. கடுங்கோடையின் வெப்ப அயர்ச்சி ஃபாலிக்கிளுக்குள்ளிருக்கும் முட்டையையே பாதிக்கிறது. ஃபாலிக்கிள் வளரப் பல வாரங்கள் ஆவதால், வெயில் தணிந்த பின்னும் தரக்குறைவு நீடிக்கிறது. தமிழ்நாட்டைப் போன்ற வெப்பமான நிலத்தில் இந்த முறையை நடத்துவோர் கொடையாளிப் பசுவுக்கு நிழலும் நீர்த்தெளிப்பும் அளிப்பதை ஆய்வகச் செலவின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

விளைவு எப்படி இருக்கும்? நன்கு நடக்கும் ஆய்வகத்தில் பசுவின் முட்டைகளில் 80 முதல் 90 சதவீதம் உட்கரு முதிர்ச்சியை அடைகின்றன. விந்தணு சேர்த்த பின் 70 முதல் 80 சதவீதம் பிரிகின்றன. ஆனால் ஏழாம், எட்டாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் என்ற, கருப்பையில் வைக்கத்தக்க நிலையை எட்டுபவை 30 முதல் 40 சதவீதமே. எருமையில் அதனினும் குறைவு. பசுவின் உடலுக்குள்ளேயே முதிர்ந்த முட்டையை எடுத்து அதே ஆய்வகத்தில் கருவாக்கினால் இந்த விகிதம் வெகுவாக உயர்கிறது. பிந்திய படிகள் ஒன்றாகவே இருக்கும்போது முட்டை முதிர்ந்த இடம் மட்டும் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்றால், குறை எங்கே என்பது வெளிப்படை. வெளியே எடுத்தவுடன் உட்கரு அவசரப்பட்டுப் பகுப்பைத் தொடங்குகிறது. சைட்டோபிளாசமோ அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குத் தன் சேமிப்பை முடித்திருக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப இருவகை முயற்சிகள் நடக்கின்றன. ஒன்றில், எடுத்த முட்டையைச் சுழல் ஏ.எம்.பி. அளவை உயர்த்தும் பொருள்களோடு சில மணி நேரம் வைத்து, பகுப்பைச் சற்றுத் தாமதப்படுத்துகிறார்கள். அதற்குள் க்யூமுலஸ் செல்களின் இழைகள் தம் பணியைத் தொடர்கின்றன. மற்றொன்றில், முட்டையை எடுக்குமுன் பசுவுக்கு எஃப்.எஸ்.ஹெச். ஊசி போட்டு, பின்னர் இரண்டு நாள் அளவுக்கு ஊசியை நிறுத்திவைத்து, ஃபாலிக்கிள்களைப் பெரிதாக வளரவிட்டு எடுக்கிறார்கள். இரண்டாவது முறை தெளிவான பலனைத் தந்திருக்கிறது; ஹார்மோனின் விலையும் கூடுதல் உழைப்பும் அதற்கான ஈடு.

24 மணி நேரம் கழிந்து தட்டை எடுத்துப் பார்க்கும்போது, முந்தைய நாள் இறுக்கமாக இருந்த க்யூமுலஸ் செல்கள் ஹையலுரானிக் அமிலத்தைச் சுரந்து, ஒட்டும் தன்மையோடு விரிந்து பரந்திருக்கும். இந்த விரிவே முதிர்ச்சியின் முதல் வெளி அடையாளம். உறுதிப்படுத்த வேண்டுமானால் சில முட்டைகளை மட்டும் ஹையலுரானிடேஸ் நொதியில் உரித்து, துருவ செல் தெரிகிறதா என்று பார்க்கலாம், அல்லது சாயமேற்றிக் குரோமோசோம்களைப் பார்க்கலாம். அவ்வாறு சாயமேற்றியவை மீண்டும் பயன்படா. எஞ்சியவற்றைக் கழுவி, ஹெப்பாரின் கலந்த கருத்தரிப்பு ஊடகத்தின் துளிகளுக்கு மாற்றி, உயிர்ப்புள்ள விந்தணுக்களைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். இந்த மாற்றத்தை மறுநாளுக்குத் தள்ளிப்போடலாகாது. முதிர்ந்து நிற்கும் முட்டை சில மணி நேரத்திலேயே மூப்படையத் தொடங்குகிறது. கதிர்கோல் இழைகள் நிலைகுலைந்து, ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணுக்கள் நுழைய இடம் கொடுத்துவிடும். ஆதலால் அனுபவமுள்ள ஆய்வகங்கள் உறைவிந்துக் குச்சியை உருக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே பசுவைச் சட்டத்தில் நிறுத்தும் நேரத்தை முடிவுசெய்கின்றன.